கால் கிலோ புலி

வகுப்பில் வாயே திறக்காத இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை, ‘பேசுதல் திறனில் பின்தங்கியவர்’ என்று குறித்து வைத்திருந்தேன். ஒருநாள் மாலை வடுகபட்டி மளிகைக்கடையில் அவள் குரல் கேட்டது. “அண்ணே, பூண்டு கால் கிலோ போடுங்க. போன தடவ பல்லெல்லாம் சூம்பிப்போயி இருந்துச்சு, அம்மா சத்தம் போட்டுச்சு.” கேட்பது, குறை சொல்வது, காரணம் காட்டுவது எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. மறுநாள் என் குறிப்பை அடித்தேன்.

எங்கள் ஊர் பூண்டுச் சந்தைக்குப் பேர்போனது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இங்கேதான் வந்து இறங்குகிறது. கீரைக்குக் கட்டு, கறிவேப்பிலைக்குக் கொத்து, வாழைப்பழத்துக்குச் சீப்பு, வெற்றிலைக்குக் கவுளி, பூவுக்கு முழம் என்று நாம் ‘பொருத்துக’ பகுதியில் நடத்துவதை இந்தக் குழந்தைகள் வாங்கியே பழகியவர்கள்.

பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: கடையில் பிள்ளையே கேட்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். முதல் வகுப்பென்றால் மூன்று பொருளை வாயால் சொல்லி அனுப்பினால் போதும். எழுதத் தெரிந்த பிள்ளை சீட்டு எழுதட்டும். எழுத்துக்கூட்டத் தெரியாத தாய், “இந்தப் பாக்கெட்டில என்ன போட்டிருக்கு?” என்று உண்மையாகவே கேட்கிறார், நம் கேள்விகளைவிட அது பெரிய கேள்வி. ஆனால், வேலை முடிந்து களைத்து வரும் அம்மாவைக் கடைவாசலில் பரீட்சை நடத்தச் சொல்லக் கூடாது. தொடக்கத்தில் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். பிள்ளைகள் கடைக்கு வரவே மறுத்தார்கள்.

ஒரு பையன் ‘கால் கிலோ புலி’ என்று எழுதிக்கொண்டு போனான். கடைக்காரர் உரக்கப் படித்துவிட்டு, “இது மேகமலையிலதான் கிடைக்கும் தம்பி” என்றாராம். லகர, ளகர வேறுபாட்டை நான் பத்து முறை சொல்லியிருப்பேன். அதன்பின் அவன் அதில் தவறவில்லை.

2022இல் எண்ணும் எழுத்தும் வந்தபின் வகுப்பிலும் காலி அட்டைப்பெட்டிகளை வைத்து ஒரு கடை போட்டோம். அரும்பு நிலைக் குழந்தை பொருள்களைச் சொல்ல, மலர் நிலைக் குழந்தை சீட்டு எழுதும். மொட்டு நிலைக் குழந்தை அதைப் படித்து எடுத்துத் தரும். கடைக்காரராகக் கூச்சப்படுகிற பிள்ளையை உட்கார வையுங்கள். கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் அங்கே தப்ப முடியாது.

அந்தச் சிறுமி இன்னும் பாடலுக்கு எழுந்து நிற்பதில்லை. வகுப்புக் கடையில் அவளோடு பேரம் பேசி நான் இதுவரை ஜெயித்ததும் இல்லை.