கேள்வி கேட்காத துணை

எமது திருகோணமலையில் கோட்டைப் பக்கம் போனால் புள்ளிமான்களைக் காணலாம். குதிரையைக் காண்பது அரிது. ஆனால் உலகின் பல நாடுகளில் உடலும் மனமும் பாதிக்கப்பட்டவர்கள் மீண்டெழக் குதிரைகள் உதவுகின்றன. சகோதரிகளே, இது செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். இதில் எமக்கும் ஒரு செய்தி உண்டு.

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்ற பெண் 1944 இல் கர்ப்பிணியாக இருந்தபோது போலியோ நோய்க்கு ஆளானார். முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. எனினும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். குதிரைவழிச் சிகிச்சை ஐரோப்பாவில் பரவ அவரது வெற்றியும் ஒரு தூண்டுகோலாயிற்று. குதிரை நடக்கும்போது அதன் முதுகு அசையும் விதம், மனிதர் நடக்கையில் இடுப்பு அசைவதை ஒத்திருக்கிறது. நடக்க முடியாத பிள்ளையின் உடல் அந்த அசைவிலிருந்து சமநிலையைப் பழகிக்கொள்கிறது.

மனக்காயத்துக்கான முறை வேறு. இதில் பெரும்பாலும் சவாரி இல்லை. குதிரையைத் தடவித் துலக்குவது, உணவு கொடுப்பது, கயிற்றைப் பிடித்து நடத்துவது, அவ்வளவுதான். குதிரை வேட்டையாடப்படும் இனம். சிறு அசைவையும் கவனிக்கும். பதற்றத்தோடு நெருங்கினால் விலகும். மூச்சைத் தணித்து மெதுவாகச் சென்றால் கிட்ட வரவிடும். அருகில் நிற்கும் உளவளத்துணையாளர் அதை வைத்தே பேச்சைத் தொடங்குவார். யுத்த முனையிலிருந்து திரும்பிய படையினருக்கும் சில நாடுகளில் இம்முறை பயன்படுகிறது. ஆனால் இது மருந்துக்கு மாற்றல்ல, துணை மாத்திரமே.

எமது நாட்டில் இதற்கு நெருங்கிய முயற்சி மன்னாரில் நடந்தது. வீதியில் அலைந்து வாகனங்களில் அடிபட்ட கழுதைகளைப் பராமரிக்க, பிரிட்ஜிங் லங்கா அமைப்பு 2017 இல் அங்கு ஒரு நிலையத்தை ஆரம்பித்தது. காயம் ஆறிய கழுதைகளோடு விசேட தேவையுடைய பிள்ளைகள் பழகவும் அங்கு வழி செய்யப்பட்டது.

கணவரை, பிள்ளையைத் தொலைத்த எத்தனையோ தாய்மார் தம் கதையை அலுவலகம் அலுவலகமாகச் சொல்லிக் களைத்திருப்பதை என் பணியில் காண்கிறேன். மிருகம் எதையும் கேட்பதில்லை. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு அக்கா, ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடும் நேரத்தில் மட்டும் நெஞ்சு இலேசாகும் என்பார். அவரைப் போன்றவர்கள் கொட்டிலடியில் சற்று நேரம் இருந்தால், வேலையில்லாமல் இருக்கிறாள் என்று ஏசாதீர்கள். அது அவருக்கு ஆறுதல் தரும் நேரம்.

ஆனால் தூக்கமின்மை, தீராத பயம், சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஆடு, மாடு மட்டும் போதாது. ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

துயருற்ற ஒருத்தியிடம் போகும் அயலவர்களும் என்னைப் போன்ற பணியாளர்களும் குதிரையிடம் போவதுபோலவே போக வேண்டும். அவசரம் வேண்டாம், விசாரணை வேண்டாம். பக்கத்தில் இருங்கள், பேசும் நாளை அவளே தெரிவு செய்யட்டும்.