இருமல் நின்ற பிறகும் ஏன் குளிசை?

சயரோகத்துக்கு மருந்தெடுக்கும் ஒருவர் வானொலிக்கு அழைத்து, "இருமல் நின்றுவிட்டது, உடம்பும் தேறிவிட்டது, பிறகேன் 6 மாதம் குளிசை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் கிருமியின் உடலமைப்பில் இருக்கிறது.

1882இல் றொபேட் கொக் இனங்கண்ட இக்கிருமி கோல் வடிவான பக்ரீரியா. அதன் சுவரில் மெழுகு போன்ற கொழுப்புத் தடிப்பாக இருக்கிறது. சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாதது போல, பல மருந்துகள் அதனுள் இறங்குவதில்லை.

வளர்ச்சியோ ஆமை வேகம். குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு ஏறக்குறைய 20 மணித்தியாலம் தேவை. சளியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை வாரக்கணக்கில் இழுபடுவதும் அதனால்தான். மருந்துகள் பெருகும் கிருமியை விரைவில் கொல்லும். உறங்கிக் கிடப்பவை தப்பிவிடும். எனவே வழமையாக முதல் 2 மாதம் 4 மருந்துகள், அடுத்த 4 மாதம் 2 மருந்துகள். இடையில் நிறுத்தினால் தப்பியவை திரும்பப் பெருகும். மருந்துக்கு மசியாத கிருமிகளும் உருவாகலாம், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

எங்களவர் பலர் வாழும் நியூஹாம், பிரென்ட் பகுதிகளில் இந்நோய் இங்கிலாந்தின் சராசரியைவிடக் கூடுதல். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவருக்கும் இங்கே இதற்குச் சிகிச்சை இலவசம்.

நோயாளியின் கோப்பையை ஒதுக்கிவைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. கோப்பையால் இது தொற்றாது, காற்றால்தான். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனாலும் பயப்படாதீர்கள். அது றிபாம்பிசின் குளிசையின் நிறம்.