ஐரோப்பியருக்கான மரபணுச் சோதனை ஆப்பிரிக்கரிடம் ஏன் தவறுகிறது?

அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோயால் கறுப்பின ஆண்கள் இறக்கும் விகிதம் வெள்ளையரைவிட ஏறத்தாழ 2 மடங்கு. ஆனால், இந்நோய் பற்றிய மரபணு ஆய்வுகளில் பங்கேற்றோரில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். இதனால் என்ன குறை?

இந்நோயோடு தொடர்புடைய ஹாக்ஸ்-பி13 மரபணுவை எடுத்துக்கொள்வோம். 2012இல் இதில் கண்டறியப்பட்ட ‘ஜி84இ’ மாற்றம் பெரும்பாலும் வட ஐரோப்பிய வம்சாவளியில்தான் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் காணப்படுவது ‘எக்ஸ்285கே’. இதில் டிஎன்ஏவின் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப்போகிறது. ‘இங்கே நிறுத்து’ என்ற குறியீடு அழிந்து, புரதம் அளவுக்கு மீறி நீண்டுவிடுகிறது. முதலாவதை மட்டும் தேடும் சோதனை, இரண்டாவதைச் சுமப்பவருக்கு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான ஆய்வுகளில் சிக்குவது நோய்க்குக் காரணமான எழுத்தல்ல. அதன் பக்கத்தில் சேர்ந்தே வரும் அடையாள எழுத்து. ஆப்பிரிக்க மக்கள்தொகை மிகத் தொன்மையானது. தலைமுறை தலைமுறையாக டிஎன்ஏ துண்டுகள் கலைந்து கலைந்து அந்த ஜோடிகளில் பல பிரிந்துவிட்டன. அதனால் ஐரோப்பியரிடம் கண்ட அடையாளம் ஆப்பிரிக்கரிடம் காரணியைக் காட்டாமல் போகலாம்.

அதே கலைப்பு ஒரு நன்மையும் செய்கிறது. சேர்ந்து வரும் துண்டுகள் சிறியவை என்பதால், உண்மையான காரணியை இன்னும் நெருங்கிப் பிடிக்கலாம். 2006இல் ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் நடந்த ஆய்வு, 8ஆம் குரோமோசோமின் ‘8கியூ24’ பகுதியைச் சுட்டிக்காட்டியது. அங்குள்ள ஒரு மாற்றம் நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 2 மடங்காக்குகிறது. பிற வம்சாவளிகளில் அது மிக அரிது. ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது.