உஷார்! தப்பான டி-டெஸ்ட்டுக்கும் கம்ப்யூட்டர் விடை கொடுக்கும்

கேள்வித்தாள்களைத் திரும்ப வாங்கி, மதிப்பெண்களை ஏற்றி, எஸ்பிஎஸ்எஸ் முன்னால் உட்கார்ந்திருக்கும் உளவியல் மாணவர்களே, மௌஸிலிருந்து கையை எடுங்கள்! பொருந்தாத டி-டெஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த மென்பொருள் உங்களைத் தடுக்காது. அட்டவணை வரும், தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரும், அதை நம்பி முடிவுரையும் எழுதிவிடுவீர்கள். ஆனால் முடிவு தவறாக இருக்கும். மனிதர்களின் பதற்றத்தையும் தூக்கத்தையும் நினைவாற்றலையும் பற்றிப் பேசப்போகும் முடிவு அது. அலட்சியம் கூடாது.

டி-டெஸ்ட் செய்யும் வேலை ஒன்றுதான். இரண்டு சராசரிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை, தற்செயலாகவே எவ்வளவு வித்தியாசம் வரக்கூடும் என்பதைக் காட்டும் திட்டப் பிழையால் வகுக்கிறது. டப்ளினின் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், சின்னச் சாம்பிளை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அறியவே இதற்கு அடித்தளம் போட்டார். 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அது பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. அவசர முடிவைத் தடுக்க வந்த கருவியையே இன்று அவசரமாகப் பயன்படுத்துகிறோம்.

ஒரே ஆட்களா, வேறு வேறு ஆட்களா?

ஐந்து பேரின் பதற்ற மதிப்பெண், பயிற்சிக்கு முன் 20, 25, 30, 35, 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பின் அதே ஆட்களுக்கு 18, 22, 28, 31, 36. சராசரி 30-லிருந்து 27-க்கு இறங்கியிருக்கிறது. ஒரே ஆளை இரண்டு முறை அளந்ததால் இதற்குப் பேர்டு டி-டெஸ்ட்தான் போட வேண்டும். போட்டால் டி மதிப்பு 6.71, பி மதிப்பு சுமார் 0.003. இதே எண்களை, வேறு வேறு ஆட்களுக்கான இன்டிபென்டன்ட் டி-டெஸ்ட்டில் போட்டுப் பாருங்கள். டி மதிப்பு 0.63, பி மதிப்பு சுமார் 0.55!

எண் ஒன்றுகூட மாறவில்லை, முடிவு தலைகீழாகிவிட்டது. ஏன்? ஒவ்வொருவருக்கும் இறங்கியது 2 முதல் 4 மதிப்பெண்தான், ஆனால் ஐந்து பேரிலும் குறைந்திருக்கிறது. பேர்டு டெஸ்ட் அந்தக் குறைவை மட்டும் பார்க்கிறது. இன்டிபென்டன்ட் டெஸ்ட்டோ ஆளுக்கு ஆள் உள்ள பெரிய ஏற்றத்தாழ்வையும் சேர்த்துக்கொள்கிறது. உண்மையான மாற்றம் அதில் மூழ்கிப்போகிறது.

எந்த 'சிக்' உங்களுடையது?

இன்டிபென்டன்ட் டெஸ்ட் அட்டவணையில் இடப்பக்கம் முதலில் கண்ணில் படும் 'சிக்' (Sig., அதாவது பி) மதிப்பு லெவீன் சோதனையுடையது. இரு குழுக்களின் மாறுபாடும் சமமா என்று மட்டுமே அது சொல்லும். அதை டி-டெஸ்ட்டின் பி மதிப்பு என்று எழுதினால் ப்ராஜெக்ட்டே தப்பாகிவிடும். உங்களுக்குரிய எண் டி மதிப்பைத் தாண்டி வலப்பக்கம் இருக்கிறது. அங்கேயும் இரண்டு வரிகள் உண்டு. மேல்வரி மாறுபாடு சமம் என்று கொள்கிறது. கீழ்வரி அப்படிக் கொள்ளாத வெல்ச் முறை. குழுக்களின் அளவும் மாறுபாடும் ஒத்துப்போகாதபோது மேல்வரியை நம்பினால் ஏமாறுவீர்கள். '.000' என்று திரையில் வந்தால் அது பூஜ்யம் அல்ல, 0.001-ஐ விடக் குறைவு என்று எழுதுங்கள்.

இருபது முறை வலை வீசினால் ஏதாவது சிக்கும்

ஆண் பெண் வித்தியாசம் தேடி இருபது அளவுகளில் இருபது டி-டெஸ்ட் போடுகிறீர்களா? உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும், அந்த அளவுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வந்து நிற்க 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதை மட்டும் பொறுக்கி எடுத்து 'சிக்னிஃபிகன்ட்' என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது. எத்தனை டெஸ்ட் போட்டீர்கள் என்று சொல்லுங்கள், போன்ஃபெரோனி போன்ற திருத்தம் செய்யுங்கள். மூன்று குழுக்களின் சராசரியை ஒப்பிடுவதென்றால் முதலில் அனோவாவுக்குப் போங்கள்.

பி மதிப்பு சொல்லாதவை

பி 0.03 என்றால் உங்கள் கருதுகோள் 97 சதவீதம் உண்மை என்று பொருள் அல்ல. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசமோ அதைவிடப் பெரியதோ வர 3 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். வித்தியாசம் பெரிதா சிறிதா என்பதையும் அது சொல்லாது. திட்ட விலக்கத்தில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம் என்றாலும் குழுவுக்கு 1000 பேர் இருந்தால் பி 0.03-க்குக் கீழே போய்விடும். பத்தில் எட்டு பங்கு இருந்தாலும் குழுவுக்கு 10 பேர்தான் என்றால் பி 0.09 அளவில் நின்றுவிடும். ஆகவே கோஹனின் விளைவு அளவைக் கட்டாயம் சேருங்கள். 'சிக்னிஃபிகன்ட் இல்லை' என்பதை 'வித்தியாசமே இல்லை' என்று எழுதாதீர்கள்.

விடையைப் பார்த்துவிட்டு விதியை மாற்றாதீர்கள்

இருமுனைச் சோதனையில் பி 0.08 வந்ததும் ஒருமுனைக்கு மாறினால் 0.04 ஆகிவிடும். இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துப் பார்ப்பதும், இடைஞ்சலாக இருக்கும் ஆளை நீக்கிப் பார்ப்பதும் இதே வழிதான். இப்படிப்பட்ட சலுகைகள் பொய்யான கண்டுபிடிப்பை எவ்வளவு எளிதில் உண்டாக்கும் என்று 2011-ல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் மூவரும் காட்டினார்கள். 2015-ல் வந்த சேதி இன்னும் கடுமையானது. வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'சிக்னிஃபிகன்ட்' என்றிருக்க, மறு ஆய்வுகளில் 36 சதவீதம்தான் அப்படி வந்தன. தேர்ந்த ஆய்வாளர்களின் துறைக்கே இந்த நிலை. நாம் செய்வது மாணவர் ப்ராஜெக்ட்தானே என்று நினைக்காதீர்கள். பழக்கம் இங்கேதான் படிகிறது.

இன்றே செய்ய வேண்டியது

முதல் கேள்வித்தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன கேள்வி, எந்த டெஸ்ட், ஒருமுனையா இருமுனையா, எத்தனை பேர், யாரை எதற்காக நீக்குவீர்கள். தேதி போட்டு உங்கள் கைடிடம் கையெழுத்து வாங்குங்கள். அறிக்கையில் சராசரி, திட்ட விலக்கம், டி மதிப்பு, கட்டின்மை எண், பி மதிப்பு, விளைவு அளவு ஆறையும் கொடுங்கள். எதிர்பார்த்த விடை வராவிட்டால் வரவில்லை என்றே எழுதுங்கள். அதற்காக மதிப்பெண் குறைத்தால் வைவாவில் அந்தக் கையெழுத்திட்ட தாளைக் காட்டி வாதாடுங்கள்.