களிக்கு மயங்கும் ராட்சத மீன்!

கொங்கு நாட்டில் கடல் இல்லை. கடல் மீன் வேண்டுமானால் அது ஐஸ் பெட்டியில்தான் வந்து சேர வேண்டும். ஆனால் கடல் மீனே வெட்கப்படும் அளவுக்கு வளரும் ஒரு மீன் நம் ஆறுகளுக்குச் சொந்தமானது. அதைத் தேடிச் சீமையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ராகிக் களியைக் காட்டி அதைப் பிடித்தார்கள்!

அந்த மீனின் பெயர் மகாசீர். தமிழில் பூமீன் கெண்டை என்றும் சொல்வார்கள். கெண்டை ஜாதிதான். ஆனால் குழம்புச் சட்டிக்குள் அடங்கும் கெண்டை அல்ல. உள்ளங்கை போன்ற செதில்கள். தலைக்குப் பின்னால் காளையின் திமில் போல ஒரு மேடு. ஆரஞ்சு நிறத் துடுப்புகள். திமில் இருப்பதால் இதைத் "திமில் மகாசீர்" என்றே சொல்லலாம்.

எவ்வளவு பெரிதாக வளரும்? 1946-ம் ஆண்டு மார்ச் மாதம் மைசூர்ப் பக்கம் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் ஒரு மகாசீரைப் பிடித்தார். எடை 120 ராத்தல். அதாவது 54 கிலோ! ஒரு ஆள் கனம். அவருடைய குடும்பம், இறந்த புலி சிறுத்தைகளைப் பாடம் செய்து கொடுப்பதில் பெயர் பெற்ற மைசூர்க் குடும்பம். தூண்டிலில் பிடித்த மகாசீரில் இதுதான் இன்று வரை பெரியது என்று சொல்கிறார்கள்.

மாசி, பங்குனி

தூண்டில்காரர்களுக்கு மாசியும் பங்குனியும் நல்ல மாதங்கள். மழை நின்று போயிருக்கும். ஆறு வற்றித் தெளிந்திருக்கும். வெள்ளக் காலத்தில் ஆறு முழுவதும் திரிந்த மீன்கள், அப்போது பாறைகளுக்கு நடுவே உள்ள ஆழமான மடுக்களில் வந்து தங்கும். இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி வேலைக்குத்தான் களி. ராகி மாவைக் கெட்டியாகக் கிண்டி, எலுமிச்சம்பழம் போல உருட்டி, தூண்டில் முள்ளில் வைப்பார்கள். காவிரிக் கரையில் இது பழைய முறை. நண்டும் சிறு மீனும் வைப்பதுண்டு. ஆனாலும் களிக்குத்தான் மவுசு. கொங்கு நாட்டு மீனுக்குக் களி பிடிப்பதில் ஆச்சரியம் என்ன!

மீன் கவ்விவிட்டால் பிறகு நடப்பது ஒரு யுத்தம். தங்கூசு நூல் சக்கரத்திலிருந்து விர்ரென்று ஓடும். கரையில் நின்று இழுத்துப் பயனில்லை. பரிசலில் ஏறி, மீன் போகும் வழியெல்லாம் பின்னாலேயே போக வேண்டும். மகாசீருக்கு வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கிறது. நண்டையும் நத்தையையும் நொறுக்கும் பல் அது. முரட்டு முள்ளைக்கூட அது நசுக்கிவிடும் என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதியவர்களில் முக்கியமானவர் எச்.எஸ். தாமஸ். சென்னை ராஜதானியில் கலெக்டராக இருந்தவர். இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அவருக்குப் பின்னால் வந்த துரைமார்கள் நீலகிரிக் குளிரில் சீமை டிரவுட் மீனை வளர்க்க ஆசைப்பட்டார்கள். 1907-ல் அவலாஞ்சியில் அதற்கென ஒரு குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். மலை மேல் வந்த விருந்தாளிக்கு அவ்வளவு உபசாரம்! மலை அடியில் இருந்த சொந்த வீட்டு ராஜாவைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை.

பெயர் இல்லாத ராஜா

இதில் ஒரு வேடிக்கை. உலகப் புகழ் பெற்ற இந்த மீனுக்கு, விஞ்ஞான முறையில் சரியான பெயரே இல்லாமல் இருந்தது! நூறு ஆண்டுகளுக்கு மேல் வேறொரு மீனின் பெயரைச் சொல்லி அழைத்து வந்தார்கள். 2018-ல்தான் குழப்பம் தீர்ந்தது.

அது தீர்ந்த விதம் நமக்குப் பெருமை தரக்கூடியது. உடுமலைப்பேட்டைக்கு மேலே, அமராவதியில் வந்து சேரும் பாம்பாற்றில் முன்பே சில சிறு மகாசீர்களைப் பிடித்து, கேரள ஆராய்ச்சியாளர்கள் "டார் ரெமாதேவி" என்று பெயர் வைத்திருந்தார்கள். சென்னையில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரெமாதேவியைக் கௌரவித்து வைத்த பெயர் அது. பிறகு மோயாற்றில் பெரிய திமில் மகாசீர்கள் கிடைத்தன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றே! ஒன்று அமராவதியின் தலைமாட்டில் கிடைத்தது. மற்றொன்று பவானியில் சேரும் ஆற்றில் கிடைத்தது. இரண்டும் கொங்கு நாட்டை நனைக்கும் தண்ணீர்.

பெயர் கிடைத்த அதே 2018-ல் இன்னொரு செய்தியும் வந்தது. அழியும் அபாயத்தின் கடைசிப் படியில் இருக்கும் உயிர்களின் பட்டியலில் இந்த மீன் சேர்க்கப்பட்டது.

குழந்தைகள் இல்லாத ஊர்

அபாயம் எப்படித் தெரிந்தது? தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகத்தால்! கர்நாடகக் காவிரிக் கரையில் தூண்டில் முகாம்கள் நடந்து வந்தன. அங்கே மீனைப் பிடிப்பார்கள், எடை பார்ப்பார்கள், எழுதிக்கொள்வார்கள், உயிரோடு திரும்ப ஆற்றில் விடுவார்கள். 1998 முதல் 2012 வரை பிடித்த மகாசீர்கள் 6,161. அதற்காகக் கரையில் கழிந்த நேரம் 23,620 மணி.

அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். மகாசீர்கள் பெருகித்தான் இருந்தன. ஆனால் பெருகியது நீலத் துடுப்பு மகாசீர் என்ற வேறு ஜாதி. அதன் ஊர் வடக்கே கிருஷ்ணா நதிப் பக்கம். டாட்டா மின்சாரக் கம்பெனி லோனாவாலாவில் குஞ்சு பொரித்து, நல்ல எண்ணத்தோடு பல ஆறுகளுக்குக் கொடுத்து வந்த மீன் அது. 1970-களில் காவிரிக்கும் வந்தது. திமில் மகாசீரோ வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. கிடைத்தவையும் மேலும் மேலும் பெரியனவாகவே இருந்தன. பெரிய மீன் கிடைத்தால் சந்தோஷம்தானே என்று நினைக்கலாம். இல்லை! தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருந்து, தொட்டில் ஆடாத ஊர் எப்படி இருக்கும்? அப்படி ஆகிவிட்டது ஆறு.

வந்த மீன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். அது மட்டும் காரணம் அல்ல. மகாசீர் வெள்ளத்தில் மேலேறிப் போய் முட்டையிடும் மீன். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. பவானிசாகர் 1955-ல், அமராவதி அணை 1957-ல். இந்த அணைகளால்தான் நம் வயல்கள் விளைகின்றன. அதை மறக்க முடியாது. மீனுக்கு மட்டும் அது வழியில் எழுந்த மதில்.

சத்தி ரோட்டில் ஒரு பயணம்

கணபதி வழியாகச் செல்லும் சத்தி பஸ்ஸில் ஏறி, புளியம்பட்டியில் இறங்கி வேறு பஸ் பிடித்தால் பவானிசாகர் போய்ச் சேரலாம். ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தோடு போகிறவர்கள் அணைக்கட்டுப் பக்கம் மீன் வறுவலை விடுவதில்லை. அங்கே தட்டுக்கு வருபவை கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை. மூன்றும் வெளியிலிருந்து வந்த மீன்கள்!

அணையின் நீர்ப்பரப்புக்கு வடமேற்கே, மலைகளுக்கு நடுவே ஓர் ஆழமான பள்ளம் போகிறது. அதுதான் மோயாறு வரும் வழி. திமில் மகாசீர் இன்றும் தன் இஷ்டம்போல் வாழும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. புலிகள் காப்பகக் காடு என்பதால் அனுமதியில்லாமல் அங்கே யாரும் போகக் கூடாது. யானையும் முதலையும் அங்கே நல்ல காவல்காரர்கள்!

ஆனால் காவலுக்கும் ஒரு சோதனை உண்டு. அது இதே பங்குனி, சித்திரையில் வருகிறது. ஆறு சுருங்கி மடுக்கள் மட்டும் மிஞ்சும்போது, ஒரு மைல் நீள ஆற்று மீனெல்லாம் ஒரே குழியில் நிற்கும். தூண்டில்காரனுக்கு அது ஒரு நாள் முழுக்க வேலை. கிடைப்பதும் ஒன்றோ இரண்டோ. தோட்டா போடுகிறவனுக்கு ஒரு நிமிஷம் போதும். வெடித்த சத்தம் அடங்குவதற்குள் தாயும் குஞ்சும் மிதக்கும். மிதப்பதைவிட அடியில் மூழ்கி வீணாவது அதிகம். வெடி போடுவதையும் விஷம் கலப்பதையும் 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டமே குற்றம் என்று சொல்லிவிட்டது.

ஆகவே பவானியிலோ அமராவதியிலோ தூண்டில் போடும் வாசகர்களுக்கு ஓர் அடையாளம்: பெரிய செதில், தடித்த உதடு, வாயோரம் மீசை, தலைக்குப் பின்னால் திமில், ஆரஞ்சுத் துடுப்பு. அப்படி ஒன்று மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றுங்கள். தண்ணீருக்குள்ளேயே, தலை ஓட்டத்தை எதிர்த்து இருக்கும்படி கொஞ்ச நேரம் தாங்கிப் பிடியுங்கள். மூச்சு வந்ததும் அதுவே ஒரு வீச்சு வீசிப் போய்விடும்.