கப்பலைத் தவறவிட்டால் இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

ஆண்டு டார்கெட்டை எட்டிய டீலர்களைக் கம்பெனிகள் வெளிநாட்டுச் சுற்றுலா அனுப்பி வைப்பது நம் வியாபாரத்தில் புதிதல்ல. பெயிண்ட், சிமென்ட், டயர், மின்சாதனம் என்று பல வகைக் கம்பெனிகளும் இதைச் செய்கின்றன. அந்தச் சுற்றுலாக்களில் இப்போது உல்லாசக் கப்பல் பயணமும் சேர்ந்துவிட்டது. சொந்தச் செலவில் குடும்பத்தோடு கப்பலில் போய்வரும் உறுப்பினர்களும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே டிராவல் ஏஜெண்ட், "இன்சூரன்ஸும் போட்டுவிடுகிறேன்" என்கிறார். நாமும் சரி என்கிறோம். ஆனால் விமானம் தாமதமாகிக் கப்பல் கிளம்பிப் போய்விட்டால் அந்த பாலிசி பணம் தருமா என்று கேட்பவர் குறைவு.

சென்னைக்குக் கப்பல் பயணம் பழகியதுதான். நம் பெரியவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த எம்.வி. சிதம்பரம் 1985-ம் ஆண்டு நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது. பின்பு 2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் என்ற உல்லாசக் கப்பலைத் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தார். 2023 ஜூன் மாதம் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைத் துறைமுகங்களுக்கும் சென்றது. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவதும் நம்மவர்களிடையே வழக்கம்.

கப்பல் ஏன் காத்திருக்காது?

ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயில் உண்டு. கப்பலில் அப்படி இல்லை. துறைமுகத்தில் நிற்கும் நேரத்துக்குக் கட்டணம் உண்டு. பைலட்டும் இழுவைப் படகுகளும் குறித்த நேரத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். பயணிகள் பட்டியல் குடியேற்றம், சுங்கம் ஆகிய அலுவலகங்களுக்கு முன்கூட்டியே போக வேண்டும். ஆகவே கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கும் மேலோ முன்பாகவே பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட்டில் உள்ள புறப்படும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார். பார்க்க வேண்டியது ஏறும் கடைசி நேரம். வராத பயணிக்குக் கட்டணம் திரும்பக் கிடையாது என்பதே பெரும்பாலான கப்பல் நிறுவனங்களின் நிபந்தனை.

சரக்கு பாலிசியை நினைத்துப் பாருங்கள்

மரைன் இன்சூரன்ஸ் எடுத்துச் சரக்கு அனுப்பிப் பழகியவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் புரியும். தீபாவளிக்கு வரவேண்டிய சரக்கு தீபாவளி முடிந்து வந்தால் சரக்கு நல்ல நிலையில்தான் இருக்கும், ஆனால் விற்பனை போய்விடும். அந்த நஷ்டத்துக்கு மரைன் பாலிசி பணம் தராது. பாலிசியில் வேறு மாதிரி எழுதியிருந்தாலன்றி, தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 1963-ம் ஆண்டு மரைன் இன்சூரன்ஸ் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. காப்பீடு செய்யப்பட்ட ஓர் ஆபத்தினாலேயே தாமதம் ஏற்பட்டிருந்தாலும் இதே நிலைதான்.

பயணக் காப்பீடு வேறு வகைப் பாலிசி. ஆனாலும் அடிப்படை ஒன்றே. தாமதம் என்பது தானாகக் காப்பீட்டுக்குள் வந்துவிடாது. எந்தத் தாமதம், எந்த வாகனத்தின் தாமதம், எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை என்று பாலிசியில் எழுதியிருந்தால் மட்டுமே உண்டு.

ஒன்றுபோல் தோன்றும் மூன்று தலைப்புகள்

பயண பாலிசிகளில் இது தொடர்பாக மூன்று தலைப்புகள் வரும்.

1. பயணத் தாமதம்: விமானம் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஒரு தொகை தருவது. அந்த வரம்பு பாலிசிக்குப் பாலிசி மாறும். ஆறு மணி நேரம் என்றும் இருக்கலாம், பன்னிரண்டு மணி நேரம் என்றும் இருக்கலாம்.

2. இணைப்பைத் தவறவிடுதல்: முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைப் பிடிக்க முடியாமல் போனால் வரும் கூடுதல் செலவைத் தருவது. பல பாலிசிகளில் இங்கே 'கனெக்டிங் ஃப்ளைட்' என்ற சொல்தான் இருக்கும். கப்பல் ஃப்ளைட் அல்ல. அந்த ஒரு சொல்லை வைத்தே கம்பெனி மறுத்துவிடலாம்.

3. புறப்பாட்டைத் தவறவிடுதல்: நமக்கு வேண்டியது இதுதான். இதிலும் 'பொதுப் போக்குவரத்து' என்பதற்குத் தந்துள்ள விளக்கத்தில் கப்பல் சேர்ந்திருக்கிறதா, அல்லது 'க்ரூஸ்' என்று தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். உள்நாட்டுத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பயணத்துக்கு அது பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பயண பாலிசி சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போகும் கப்பலுக்கு உதவாது.

ரயில் டிக்கெட்டோடு சில பைசாவுக்கு எடுக்கும் காப்பீட்டை நம்பி ஊரிலிருந்து சென்னைக்கு வந்து கப்பல் ஏற நினைக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அது விபத்துக்கான காப்பீடு. ரயில் தாமதமாக வந்ததற்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். நால்வர் குடும்பம் சிங்கப்பூரில் கப்பல் ஏற ரூ. 2,00,000 கட்டியிருக்கிறது. சென்னை விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். கப்பல் போய்விட்டது. அடுத்த துறைமுகத்துக்கு விமானத்தில் போய்க் கப்பலைப் பிடிக்க டிக்கெட், ஓட்டல், டாக்சி எல்லாம் சேர்ந்து ரூ. 55,000 செலவு.

முதல் பாலிசியில் பயணத் தாமதத் தலைப்பு மட்டும் உண்டு. வரம்பு ஆறு மணி நேரம். தாமதம் ஐந்து மணி நேரம்தான். கிடைப்பது: ஒன்றுமில்லை. ஐந்து மணி நேரத் தாமதம் கப்பலைத் தவறவிடப் போதும். பாலிசிக்கோ அது போதாது.

இரண்டாவது பாலிசியில் கப்பலையும் சேர்த்த புறப்பாட்டுத் தலைப்பு உண்டு. உச்சவரம்பு ரூ. 40,000. நாம் ஏற்க வேண்டிய பங்கு ரூ. 5,000. செலவு 55,000-ல் 5,000 கழித்தால் 50,000. உச்சவரம்பு 40,000 என்பதால் கிடைப்பது ரூ. 40,000. மீதி ரூ. 15,000 கைப்பணம். கப்பலில் இல்லாமல் போன இரவுகளுக்கான கட்டணம் இந்தத் தலைப்பில் வராது. அதற்குப் பாலிசியில் வேறு தலைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்தக் காரணம் செல்லும்?

விமானமோ ரயிலோ தாமதமாவது, நாம் வந்த வாகனம் விபத்தில் சிக்குவது அல்லது பழுதாகி நிற்பது, திடீர் வேலைநிறுத்தம், கடும் மழை, புயல் ஆகியவை பொதுவாக ஏற்கப்படும் காரணங்கள். வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பியது, வழக்கமான போக்குவரத்து நெரிசல், பாஸ்போர்ட்டை மறந்தது, விசா இல்லாதது ஆகியவை பொதுவாக ஏற்கப்படமாட்டா.

ஆழ்வார்பேட்டையிலிருந்து துறைமுகம் ஏதோ பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். ராதாகிருஷ்ணன் சாலை, காமராஜர் சாலை, போர் நினைவுச் சின்னம், ராஜாஜி சாலை என்று நேர் வழிதான். ஆனால் குடியரசு தின அணிவகுப்பும் அதற்கான ஒத்திகையும் நடக்கும் நாளில் காமராஜர் சாலையில் வண்டி போகாது. முன்கூட்டியே அறிவித்த போக்குவரத்து மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீடு கேட்டால், "தெரிந்த விஷயம்தானே" என்பார்கள்.

புயலுக்கும் இதே விதிதான். 2024 நவம்பர் 30-ம் தேதி பெஞ்சல் புயலின்போது சென்னை விமான நிலையம் நண்பகலுக்குப் பின் மூடப்பட்டு மறுநாள்தான் இயங்கியது. வானிலை எச்சரிக்கை அதற்குச் சில நாட்கள் முன்பே வந்துவிட்டது. எச்சரிக்கை வந்த பிறகு வாங்கிய பாலிசியைக் காட்டி அந்தப் புயலுக்கு இழப்பீடு கேட்க முடியாது. தீப்பிடித்த பிறகு கடைக்கு இன்சூரன்ஸ் எடுப்பது போலத்தான் அது. கப்பல் டிக்கெட் எடுத்த அன்றே பாலிசியும் எடுப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

சிங்கப்பூரில் இன்னும் இரண்டு கவனங்கள். நம் நேரத்தைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முந்தியது. டிக்கெட்டில் உள்ளது அந்த ஊர் நேரம். மேலும் அங்கே மெரினா பே, ஹார்பர் ஃப்ரன்ட் என இரண்டு கப்பல் முனையங்கள் உள்ளன. தவறான முனையத்துக்குப் போய் நின்றால் அது நம் பிழை, பாலிசி பேசாது.

வழியில் இறங்கிய இடத்தில் தவறவிட்டால்

2024 மார்ச் மாதம் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் நார்வீஜியன் டான் என்ற கப்பல், ஊர் சுற்றப் போய்த் திரும்பாத எட்டுப் பயணிகளை விட்டுவிட்டுக் கிளம்பியது. அவர்கள் தனியார் ஏற்பாட்டில் சுற்றிப் பார்க்கப் போனவர்கள். பல நாடுகள் வழியாகப் பயணம் செய்து, கடைசியில் செனகல் நாட்டின் டக்கார் நகரில்தான் கப்பலைப் பிடித்தார்கள். குறித்த நேரத்தில் திரும்புவது பயணியின் பொறுப்பு என்று கப்பல் நிறுவனம் கூறிவிட்டது. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். வெளியே மலிவாகக் கிடைக்கிறதே என்று போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கப்பலே ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டுப் போவது வேறு விஷயம். 2022 ஜூன் மாதம் எம்ப்ரஸ் கப்பல் புதுச்சேரிக்கு அருகே வந்தும், அனுமதி கிடைக்காமல் பயணிகளை இறக்காமலே திரும்பியது. அது புறப்பாட்டைத் தவறவிடுதல் ஆகாது. அதற்குத் தனித் தலைப்பு இருந்தால்தான் இழப்பீடு.

கம்பெனி அனுப்பும் டூரா?

டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது கம்பெனி என்றால், டிக்கெட் நஷ்டமும் கம்பெனியுடையது. நஷ்டப்பட்டவருக்கே ஈடு என்பது காப்பீட்டின் அடிப்படை. ஆகவே நாம் கேட்கக்கூடியது நம் கையிலிருந்து போன கூடுதல் செலவைத்தான். கம்பெனி குரூப் பாலிசி எடுத்திருப்பதாகச் சொன்னால் நம் பெயரிலுள்ள சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரி விஷயமும் உண்டு. வியாபாரத் தொடர்பில் தரப்படும் சலுகைகளின் மதிப்பு ஆண்டுக்கு ரூ. 20,000-க்கு மேல் போனால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்யும் விதி 2022 ஜூலை 1 முதல் வந்தது. கப்பலில் ஏறாமலே போன டூருக்கும் நம் கணக்கில் பிடித்தம் ஏறுமா என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இழப்பீடு கேட்கும்போது

கப்பலைத் தவறவிடுவோம் என்று தெரிந்த உடனேயே இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சேர்க்க வேண்டியவை: விமான நிறுவனம் தரும் தாமதச் சான்றிதழ், போர்டிங் பாஸ், வாகனம் பழுதானால் ஒர்க்ஷாப் பில், விபத்தானால் போலீஸ் அறிக்கை, நாம் ஏறவில்லை என்று கப்பல் நிறுவனம் தரும் கடிதம், கூடுதல் செலவுக்கான எல்லா ரசீதுகளும். பில் இல்லாத செலவு நம் கடைக் கணக்கிலும் நிற்காது, இங்கேயும் நிற்காது.

கம்பெனி மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. ஓராண்டுக்குள் மனு தர வேண்டும். ரூ. 50 லட்சம் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு கால அவகாசம் உண்டு.

பாலிசி வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. புறப்பாட்டைத் தவறவிடும் தலைப்பில் கப்பல் என்ற சொல் உண்டா?
2. எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல் பணம்?
3. உச்சவரம்பு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு?
4. விமானத்துக்கும் கப்பலுக்கும் இடையே குறைந்தது எத்தனை மணி நேர இடைவெளி விட்டிருக்க வேண்டும்?
5. அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு உண்டா? அந்த நாட்டுக்கு நம்மிடம் விசா உண்டா?

நான்காவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இடைவெளி போதவில்லை என்ற காரணத்துக்காகவே இழப்பீடு மறுக்கப்படலாம். கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளே அந்த ஊர் போய்ச் சேர்ந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. ஒரு நாள் ஓட்டல் வாடகையையும் பிரீமியத்தோடு சேர்த்துப் பயணச் செலவில் எழுதிவிடுங்கள்.