உஷார்! லட்ச ரூபாய் கார்டு போட்டாலும் ரன்வேயில் திக்கும்

ஃப்ளைட் சிமுலேட்டருக்காகவே புதிய கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள். "கேமிங்தானே சார்? இருக்கிற பணத்தை கிராபிக்ஸ் கார்டுல போடுங்க, பிராசஸர் எதுவா இருந்தாலும் ஓடும்" என்று கடையில் சொல்வார்கள். துப்பாக்கிச் சண்டை கேம்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-க்கு அந்த யோசனையை நம்பினால் பணம் பாழ்!

கடலுக்கு மேலே 35,000 அடியில் பறக்கும்வரை எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். லண்டன் ஹீத்ரோவிலோ நியூயார்க் ஜேஎஃப்கேயிலோ இறங்கும்போதுதான் குட்டு உடையும். சக்கரம் தரையைத் தொடப்போகும் நேரத்தில், கை நிதானமாக இருக்கவேண்டிய அந்த நொடிகளில், திரை ஜெர்க் அடிக்கும்.

கோர் கணக்கில் மயங்காதீர்கள்!

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் விமானத்தின் மீது காற்று செலுத்தும் விசை, காக்பிட் திரைகள், சுற்றிலும் நகரும் மற்ற விமானங்கள், கீழே விரியும் ஊர் என எல்லாவற்றையும் பிராசஸர்தான் கணக்குப் போட்டுத் தரவேண்டும். இதில் முக்கியமான பங்கு 'மெயின் த்ரெட்' என்கிற ஒற்றை வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. 2020 பதிப்பைவிட 2024 பதிப்பு வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனாலும் பெரிய ஏர்போர்ட்டில் முட்டி நிற்பது அந்த ஒற்றை வரிசைதான். அடுப்பிலிருந்து சாம்பார் இறங்காதபோது, பந்தியில் பரிமாற எத்தனை பேர் நின்று என்ன பயன்?

ஆகவே கோர் எண்ணிக்கையைவிட எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்கு உள்ளேயே இருக்கும் நினைவகம், எவ்வளவு என்று கேளுங்கள். ரைசன் 7 7700எக்ஸ், 7800எக்ஸ்3டி இரண்டிலும் கோர் எட்டுதான். முன்னதில் கேஷ் 32 எம்பி, பின்னதில் 96 எம்பி. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியிலும் 96 எம்பிதான். அடிக்கடி தேவைப்படும் தகவலுக்காக ரேம் வரை போய்வரும் நேரம் மிச்சமாவதால், சிமுலேட்டரில் இந்தக் கூடுதல் கேஷுக்குக் கைமேல் பலன் உண்டு.

பெரிய மாடல்தான் நல்லது என்று 16 கோர் 7950எக்ஸ்3டிக்குத் தாவுமுன் யோசியுங்கள். அதில் கூடுதல் கேஷ் பாதிக் கோர்களுக்கு மட்டுமே. சிமுலேட்டர் மறுபாதியில் ஓடினால் கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்காது. பழைய ஏஎம்4 மதர்போர்டு வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. போர்டு ஏற்றுக்கொண்டால், பயாஸ் அப்டேட் செய்து 5700எக்ஸ்3டியோ 5800எக்ஸ்3டியோ பொருத்தலாம்.

ஒரே பெயர், இரண்டு சரக்கு!

இனி கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற பெயரில் 8 ஜிபி நினைவகம் கொண்டதும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியிலும் இதே கதைதான். 'ஆஃபர்' என்று கையில் திணிக்கப்படுவது எது என்று பாருங்கள்! சிமுலேட்டர் தயாரிப்பாளர்களே தங்கள் 'ஐடியல்' பட்டியலில் 12 ஜிபி கார்டு நினைவகமும் 64 ஜிபி ரேமும் கேட்கிறார்கள். கார்டின் நினைவகம் நிரம்பினால், மிச்சத் தகவல் மெதுவான வழியில் ரேமிலிருந்து வரவேண்டும். அப்போது ஃப்ரேம் சற்றுக் குறைவதோடு நிற்காது, படம் ஸ்லைடு ஷோ ஆகிவிடும். 4கே மானிட்டரோ விஆர் ஹெட்செட்டோ இருந்தால் 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள்.

லேப்டாப் வாங்குவோருக்கு இன்னும் பெரிய பொறி. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 24 ஜிபி. அதே பெயரோடு வரும் லேப்டாப் 4090-இல் 16 ஜிபி, உள்ளே இருக்கும் சிப்பும் சிறியது. பெயரைப் பார்த்து டெஸ்க்டாப் வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

செகண்ட் ஹேண்டா? ஜாக்கிரதை!

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் சிப்பே சேதமாகும் கோளாறு இருந்ததை 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வந்தது, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஆனால் ஏற்கனவே கெட்டுப்போன சிப்பை எந்தத் திருத்தமும் சரிசெய்யாது. மேலே சொன்ன 'ஐடியல்' பட்டியலில் உள்ள கோர் ஐ7-14700கே-யும் இந்தக் குடும்பம்தான். பழையதை வாங்குவதானால், பில்லும் மீதி வாரன்டியும் இல்லாமல் தொடாதீர்கள்.

120 எஃப்பிஎஸ் மாயம்!

டெமோவில் காட்டும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். ஃப்ரேம் ஜெனரேஷன் ஆனில் இருந்தால், இரண்டு நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே கார்டே புது ஃப்ரேம்களை உருவாக்கிச் செருகும். கண்ணுக்கு வழவழப்பு கிடைக்கும். ஆனால் ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் விமானம் திரும்பும் வேகம் அதிகரிக்காது. ஃப்ரேம் ஜெனரேஷனை ஆஃப் செய்யச் சொல்லி, கூட்டமான ஏர்போர்ட்டில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

சிமுலேட்டர் ஏற்கனவே ஓடும் கம்ப்யூட்டர் உங்களிடம் இருந்தால், டெவலப்பர் மோடில் எஃப்பிஎஸ் திரையைத் திறந்து, வழக்கமாக இறங்கும் ஏர்போர்ட்டில் பாருங்கள். தடை மெயின் த்ரெட்டில் என்று காட்டினால், புதுக் கார்டு வாங்கிப் பெரிய பலன் இல்லை. முதலில் செட்டிங்கில் 'டெரெயின் லெவல் ஆஃப் டீடெயில்' (தரைக்காட்சியின் நுணுக்கம்) அளவைக் குறையுங்கள், அதற்குச் செலவே இல்லை. போதவில்லை என்றால் பிராசஸரை மாற்றுங்கள். தடை ஜிபியூவில் (கிராபிக்ஸ் கார்டில்) என்று காட்டினால் மட்டும் கார்டுக்குப் பணம் எடுங்கள்.

புது கார்டு எவ்வளவு வாட் இழுக்கும் என்று பார்த்து, எஸ்எம்பிஎஸ்ஸும் யுபிஎஸ்ஸும் தாங்குமா என்று கேளுங்கள். பில்லில் பிராசஸரின் முழு மாடல் எண்ணும் கார்டின் ஜிபி அளவும் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே படித்துப் பாருங்கள். வெறுமனே 'கேமிங் பிசி - 1' என்று இருந்தால், திருத்தி எழுதித் தரும்வரை பணத்தை எடுக்காதீர்கள்!